மூங்கில் யாருக்குச் சொந்தம்?

மூங்கில் மரமா? புல்லா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால், "மரம்" என்று சொல்வார்கள். தாவர சாஸ்திரம் படித்தவர்களைக் கேட்டால், "புல்" என்பார்கள். நெல், கரும்பு, மூங்கில் மூன்றும் ஒரே குடும்பம்.

எதுவாக இருந்தால் என்ன? ஏணியும் முறமும் கூடையும் கிடைத்தால் போதாதா?

போதாது! இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காததால் ஒரு கிராமம் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தது. கடைசியில் மத்திய மந்திரி ஒருவர் டில்லியிலிருந்து அந்தக் கிராமத்துக்கே வந்து விடை சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் கிராமத்தின் பெயர் மேண்டா. பக்கத்தில் உள்ள லேகா என்ற ஊரின் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அதனால் "மேண்டா-லேகா" என்று சேர்த்துச் சொல்வார்கள்.

எங்கே இருக்கிறது?

மகாராஷ்டிர ராஜ்யத்தின் கிழக்குக் கோடியில் கட்சிரோலி என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அதில் சுமார் முக்கால் பங்கு காடு. தேக்கும் மூங்கிலும் இலுப்பையும் நிறைந்த காடு. பல ஆண்டுகள் மாவோயிஸ்டுகளின் வன்முறைக்குப் பேர் போன ஜில்லாவும் அதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால்தான் பத்திரிகைகளில் அதன் பெயர் அடிபடும்.

அந்த ஜில்லாவில், தானோரா தாலுகாவில், கடானி என்ற ஆற்றின் அருகே மேண்டா இருக்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் வாழும் சின்ன ஊர். எல்லோரும் கோண்டு என்னும் ஆதிவாசி இனத்தவர்.

இந்தச் சின்ன ஊர் துப்பாக்கி தூக்காமல், கோஷ்டி சேர்க்காமல், ஒரு பெரிய காரியம் செய்தது. ஊரைச் சுற்றியுள்ள சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் பொறுப்பைத் தன் கையில் வாங்கிக் கொண்டது. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 4,450 ஏக்கர்!

காட்டைக் காப்பவர் யார்? காட்டின் பலன் யாருக்கு? இந்தக் கேள்வி இன்று இந்தியா முழுவதும் எழுந்திருக்கிறது. மேண்டாவின் கதை தெரிந்தால், கேள்வியும் விளங்கும். அதில் உள்ள சிக்கலும் விளங்கும்.

காடு கை மாறிய கதை

பழங்காலத்தில் காட்டு ஜனங்களுக்குக் காடுதான் வீடு, காடுதான் களஞ்சியம். கிழங்கு, தேன், விறகு, மருந்து எல்லாம் அங்கேதான்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ரயில் பாதை போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். காடு பணம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

1864-ம் ஆண்டில் காட்டு இலாகா ஏற்பட்டது. 1878-ல் சட்டம் போட்டு, பெரும் பரப்பான காடுகளைச் சர்க்கார் எடுத்துக் கொண்டது. பிறகு 1927-ல் இந்திய வனச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது.

நேற்று வரை காட்டில் விறகு பொறுக்கியவன், மறுநாள் திருடன் ஆனான்! அவன் மாறவில்லை. சட்டம் மாறியது.

வெள்ளைக்காரன் போன பிறகும் நிலைமை அதிகம் மாறவில்லை. காகித ஆலைகளுக்கு மூங்கில் வேண்டும். சர்க்கார் காடுகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. மேண்டாவைச் சுற்றியுள்ள மூங்கிலும் ஒரு காகித ஆலைக்குப் போயிற்று. ஆலையின் ஆட்கள் லாரி லாரியாக மூங்கிலை ஏற்றினார்கள். ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது வெட்டுக் கூலி மட்டும்.

வீட்டுக் கூரைக்கு நாலு மூங்கில் வெட்டினால் பிடித்துக் கொள்வார்கள். ஆலை ஆயிரக்கணக்கில் வெட்டினால் சட்டப்படி சரி. இது என்ன நியாயம் என்று ஊர்க்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

விழிப்பு வந்தது எப்படி?

1980-ம் ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் இரண்டு பெரிய அணைகள் கட்டத் திட்டம் போட்டார்கள். அணை வந்தால் காடும் கிராமங்களும் நீரில் மூழ்கிவிடும். ஆதிவாசிகள் திரண்டு எதிர்த்தார்கள். "காட்டைக் காப்போம், மனிதனைக் காப்போம்" என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். குஷ்ட நோயாளிகளுக்குத் தொண்டு செய்து புகழ் பெற்ற பாபா ஆம்தேயும் அதில் முன் நின்றார்.

அந்தக் கிளர்ச்சியில் மேண்டா ஊர்க்காரர்களும் கலந்து கொண்டார்கள். ஊர் திரும்பியபோது ஒரு யோசனையோடு திரும்பினார்கள். நம் காட்டை நாமே காத்தால் என்ன?

ஊரைச் சேர்ந்த தேவாஜி தோபா என்பவர் முன்னால் நின்றார். மோகன் ஹீராபாய் ஹீராலால் என்ற சர்வோதயத் தொண்டர் துணைக்கு வந்தார். தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்து வைத்துக் கொண்டவர் அவர்! தலைவர் வேலை அவர் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேட உதவினார், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் ஒரு கோஷம் எழுப்பினார்கள். "டில்லியிலும் பம்பாயிலும் எங்கள் சர்க்கார், எங்கள் ஊரில் நாங்களே சர்க்கார்!"

இதில் ராஜத்துரோகம் ஒன்றும் இல்லை. டில்லி சர்க்காரை அவர்கள் மறுக்கவில்லை. அதுவும் எங்களுடையதுதான் என்கிறார்கள். ஆனால் ஊர் வேலையை ஊர் பார்த்துக் கொள்ளும் என்கிறார்கள்.

ஒருவர் மறுத்தாலும் முடிவு இல்லை!

"பல பேர் கூடினால் பாம்பு சாகாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. ஐந்நூறு பேர் கூடி ஒரு காட்டை ஆள முடியுமா?

மேண்டாவின் கிராமசபை நடக்கும் விதமே அலாதி. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. கையைத் தூக்கி எண்ணுவது கிடையாது. எல்லோரும் ஒப்புக் கொண்டால்தான் முடிவு. ஒருவர் மறுத்தாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும். மறுபடியும் பேசுவார்கள்.

வேலை தாமதமாகாதா? ஆகும். ஆனால் ஒரு லாபம் உண்டு. ஓட்டில் தோற்றவன் மனதில் புகைச்சல் இருக்கும். அவன் இரவில் போய் மரத்தை வெட்டினால் யார் தடுப்பது? எல்லோரும் சேர்ந்து போட்ட விதியை மீற எல்லோருக்குமே கூச்சம் இருக்கும். போலீஸ்காரன் இல்லாத காட்டில் இந்தக் கூச்சம்தான் காவல்.

பெண்களும் கிராமசபைக்கு வருகிறார்கள், பேசுகிறார்கள். ஊரில் குடியை நிறுத்த வேண்டும் என்று முடிவானதற்குப் பெண்களின் பிடிவாதமே பெரிய காரணம். குடித்துவிட்டு வருபவனோடு உட்கார்ந்து ஊர்க் காரியம் பேச முடியுமா? அது மட்டுமல்ல, குடித்த வீட்டில் கூலி தங்குமா?

கிராமசபை தவிர, படிப்பு வட்டம் என்று ஒன்றும் உண்டு. விருப்பம் உள்ளவர்கள் மாலையில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை அலசுவார்கள். தேவைப்பட்டால் வெளியூரிலிருந்து விஷயம் தெரிந்தவர்களை அழைப்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது? தேன் கூட்டைத் தீயிட்டு அழிக்காமல் தேன் எடுக்க முடியுமா? இப்படியெல்லாம் பேசுவார்கள். அங்கே முடிவு எடுப்பதில்லை. தெரிந்து கொள்வது அங்கே. முடிவு செய்வது கிராமசபையில்.

எழுதப் படிக்கத் தெரியாத பலர் இருந்த ஊர் அது. ஆனால் சட்டத்தின் ஷரத்துகளை அதிகாரிகளுக்கே எடுத்துச் சொல்லும் அளவுக்கு அந்த ஊர் தேறியது. பெரிய படிப்பு என்பது அதுதானே!

புதிய சட்டம் பிறந்தது

2006-ம் ஆண்டு டிசம்பரில் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2008-ம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அமுலுக்கு வந்தது.

காட்டு ஜனங்களுக்கு இதுவரை இழைக்கப்பட்டது சரித்திர அநீதி என்று அந்தச் சட்டம் தன் முன்னுரையிலேயே ஒப்புக் கொள்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வாசகம் அபூர்வம்.

இந்தச் சட்டத்தில் இரண்டு வகை உரிமை உண்டு.

ஒன்று, தனி உரிமை. காட்டு நிலத்தில் நெடுங்காலமாகப் பயிர் செய்து வரும் குடும்பம், அந்த நிலத்துக்குப் பட்டா பெறலாம்.

மற்றொன்று, பொது உரிமை. ஒரு கிராமம் காலங்காலமாகப் பயன்படுத்திய காட்டை அந்தக் கிராமமே காத்து, வளர்த்து, பலன் பெறலாம். மரத்தை வெட்டி விற்கும் உரிமை அல்ல இது. தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை, மூங்கில் போன்ற சிறு பொருள்களை எடுக்கவும் விற்கவும் உரிமை.

2009-ம் ஆண்டில் மேண்டா இந்தப் பொது உரிமையைப் பெற்றது. நாட்டிலேயே இந்த உரிமையை முதன் முதலில் பெற்ற கிராமங்களில் அதுவும் ஒன்று.

ஊரே மகிழ்ந்தது. ஆனால் உரிமை வந்ததே தவிர, மூங்கில் நகரவில்லை!

வழிச்சீட்டு வழக்கு

காட்டுப் பொருளை லாரியில் ஏற்றி ரோட்டில் கொண்டு போக வேண்டுமானால் ஒரு வழிச்சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத சரக்கைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சீட்டைக் கொடுப்பது காட்டு இலாகா.

மேண்டா கிராமசபை சீட்டுக் கேட்டது. இலாகா மறுத்தது.

காரணம் என்ன? 1927-ம் ஆண்டுச் சட்டத்தில் "மரம்" என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. அதில் மூங்கிலும் மரம் என்று எழுதியிருக்கிறது. மரத்தை விற்கக் கிராமத்துக்கு உரிமை இல்லை. எனவே மூங்கிலை விற்க முடியாது!

ஆனால் 2006-ம் ஆண்டுச் சட்டம் மூங்கிலைச் சிறு பொருள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஒரே மூங்கில். ஒரு சட்டத்தில் மரம். மற்றொரு சட்டத்தில் சிறு பொருள். கிராமத்தார் புதிய சட்டத்தைக் காட்டினார்கள். அதிகாரிகள் பழைய சட்டத்தைக் காட்டினார்கள். நடுவில் மூங்கில் காய்ந்து கிடந்தது.

2011-ம் ஆண்டு மார்ச் மாதம், மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் எல்லா முதல் மந்திரிகளுக்கும் கடிதம் எழுதினார். மூங்கிலைச் சிறு பொருளாகவே கருத வேண்டும் என்று அதில் தெரிவித்தார். ஏப்ரல் 27-ந் தேதி, மகாராஷ்டிர முதல் மந்திரி பிருதிவிராஜ் சவானுடன் அவரே மேண்டாவுக்கு வந்தார். வழிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபையிடம் ஒப்படைத்தார்.

இனி சீட்டு எழுதுவது ஊரார்தான்!

2012-ல் சட்ட விதிகளும் திருத்தப்பட்டன. வழிச்சீட்டு கொடுக்கும் அதிகாரம் கிராமசபைக்கு உண்டு என்று எழுத்திலேயே வந்துவிட்டது. 2017-ல் பழைய சட்டமும் திருத்தப்பட்டது. காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளரும் மூங்கில் இனி மரம் அல்ல என்று ஆயிற்று.

பணம் வந்தது, என்ன செய்தார்கள்?

முன்பு ஆலையின் ஆட்கள் விலை சொன்னார்கள். இப்போது கிராமசபை டெண்டர் விடுகிறது. வியாபாரிகள் போட்டி போட்டு விலை கேட்கிறார்கள்.

முன்பு ஊராருக்குக் கிடைத்தது கூலி மட்டும். இப்போது கூலியும் உண்டு. லாபமும் ஊருக்கே உண்டு. லட்சக் கணக்கில் இருந்த வியாபாரம் கோடி என்ற கணக்குக்குப் போயிற்று.

பணம் வந்தால் சண்டையும் கூடவே வருமே?

வரக் கூடாது என்பதற்காகத்தான் கிராமசபைக்கென்று வங்கிக் கணக்கு. வரவும் செலவும் சபையில் எல்லோர் முன்னும் சொல்லப்பட வேண்டும். கணக்குத் தெரியாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். சந்தேகம் முளைத்த இடத்தில் ஊர் பிளக்கும்.

மூங்கில் வெட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். மூங்கில் குத்துக் குத்தாக வளரும். மண்ணுக்கு அடியில் உள்ள கிழங்கிலிருந்து மழைக் காலத்தில் புதுக் குருத்து கிளம்பும். அந்தக் குருத்தை வெட்டக் கூடாது. அதற்குத் துணையாக நிற்கும் இளம் மூங்கிலையும் வெட்டக் கூடாது. மூன்று, நான்கு வருஷம் முற்றியதைத்தான் வெட்ட வேண்டும். இப்படிச் செய்தால் ஒரே குத்து வருஷா வருஷம் பலன் தரும். ஆசைப்பட்டு மொட்டை அடித்தால் குத்தே அழிந்து போகும்.

வட்டியை எடுத்துச் செலவு செய்யலாம். முதலில் கை வைக்கலாகாது. இதை விட எளிதாகக் காட்டுப் பொருளாதாரத்தைச் சொல்ல முடியாது.

2013-ம் ஆண்டில் மேண்டா இன்னொரு படி மேலே போயிற்று. தங்கள் விவசாய நிலங்களையும் கிராமசபையின் பெயருக்கு மாற்றிக் கிராமதானம் செய்ய ஊரார் தீர்மானித்தார்கள். வினோபா பாவே 1951-ல் பூதான இயக்கத்தைத் தொடங்கினார் அல்லவா? 1956, 1957-ம் ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் அவர் ஊர் ஊராக நடந்தார். அந்த இயக்கத்தில் பிறந்ததுதான் கிராமதானம். நாடு மறந்துவிட்ட ஒரு யோசனையை ஒரு காட்டுக் கிராமம் ஞாபகம் வைத்திருந்தது! நிலத்தை உழுபவர் அந்தந்தக் குடும்பத்தாரே. ஆனால் வெளியாருக்கு விற்றுவிட முடியாது. கடனுக்காக நிலம் கை நழுவிப் போகாமல் இருக்க இது ஒரு வேலி.

பீடி இலையை விட்ட ஊர்

கட்சிரோலிக்குப் பக்கத்து ஜில்லா சந்திரபூர். அங்கே பாச்காவ் என்று ஒரு சிற்றூர். 2012-ல் அந்த ஊருக்கும் பொது உரிமை கிடைத்தது. சுமார் 1,000 ஹெக்டேர் காடு. அங்கேயும் மூங்கில்தான் முக்கிய வருமானம்.

அந்தக் காட்டில் பீடி இலையும் உண்டு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்த இலை நன்றாகத் தெரியும். மத்திய இந்தியக் காடுகளில்தான் இது விளைகிறது. நல்ல விலையும் உண்டு.

ஆனால் பாச்காவ் மக்கள் இலை பறிப்பதை நிறுத்திவிட்டார்கள்!

ஏன்? தளிர் இலை வேண்டும் என்பதற்காகக் கிளைகளை வெட்டுவார்கள். காட்டின் தரையில் தீ வைப்பார்கள். மரம் கெடும். பழம் பழுக்காது. பழம் இல்லையென்றால் பறவைக்கும் விலங்குக்கும் உணவு இல்லை. மூங்கிலில் பணம் வருகிறது. இந்தப் பணம் வேண்டாம் என்று ஊரார் முடிவு செய்தார்கள். காட்டின் ஒரு பகுதியை யாரும் தொடாமல் விட்டும் வைத்திருக்கிறார்கள்.

கையில் உரிமை வந்தால் ஆதிவாசிகள் காட்டை அழித்துவிடுவார்கள் என்று சொன்னவர்களுக்கு இது ஒரு பதில்.

அதிகாரி ஒருவர் காட்டிய வழி

ஊராரிடம் காட்டைக் காக்கச் சொல்லும் யோசனை மேண்டாவில் பிறந்தது அல்ல. மேற்கு வங்காளத்தில் மேற்கு மிதுனபுரி ஜில்லாவில் ஆராபாரி என்ற இடம் இருக்கிறது. 1971, 1972-ம் ஆண்டுகளில் அங்கே அஜித் குமார் பானர்ஜி என்ற காட்டு அதிகாரி ஒரு பரீட்சை செய்தார்.

அங்கே சால மரக் காடு அழிந்து புதராகக் கிடந்தது. சுற்றியுள்ள 11 கிராமங்களில் 618 குடும்பங்கள். விறகு வெட்டி விற்பதே அவர்களுக்குப் பிழைப்பு. காவலை அதிகப்படுத்திப் பயன் இல்லை என்று அதிகாரி கண்டார். ஊராரை அழைத்துப் பேசினார். "நீங்கள் காப்பாற்றுங்கள், மரம் விற்கும்போது லாபத்தில் நாலில் ஒரு பங்கு உங்களுக்கு" என்பது ஒப்பந்தம். நடுவில் பிழைக்க வேலையும் கொடுத்தார்.

வெட்டிய சால மரத்தின் அடிக்கட்டை தானே துளிர்க்கும். ஆடு மாடும் கோடாலியும் அண்டாமல் இருந்தால் போதும். சில வருஷங்களில் புதர் காடாக எழுந்தது.

இதைப் பார்த்துத்தான் 1990-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சர்க்கார் எல்லா ராஜ்யங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஊராரும் இலாகாவும் கூட்டாகக் காட்டைக் காக்கும் திட்டம் நாடெங்கும் பரவியது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கூட்டுத் திட்டத்தில் இலாகா கொடுப்பவர், ஊரார் வாங்குபவர். கொடுத்தவர் நினைத்தால் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனால் திட்டமும் படுத்துவிடும். மேண்டாவின் உரிமையோ சட்டத்தில் எழுதப்பட்டது. எந்த அதிகாரி வந்தாலும் அது நிற்கும்.

தயவு வேறு, உரிமை வேறு.

நேபாளத்தின் பாடம்

பக்கத்து நாடான நேபாளம் இந்த வழியில் நமக்கு முன்னால் போய்விட்டது. 1993-ல் அங்கே வந்த வனச் சட்டம் காடுகளை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

பலன் கண்கூடு. 1992-ல் நாட்டின் நிலத்தில் 26 சதவிகிதம் காடாக இருந்தது. 2016-ல் அது 45 சதவிகிதம் ஆயிற்று! மொட்டையாகக் கிடந்த மலைகள் பச்சை போர்த்தின.

ஆனால் அங்கேயும் ஒரு கவலை. மலைக் கிராமங்களின் வாலிபர்கள் அரபு நாடுகளுக்கும் மலேயாவுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். காடு வளர்ந்தது, காட்டில் வேலை செய்ய ஆள் குறைந்தது. சருகு மண்டிக் காட்டுத் தீ பரவுகிறது. சிறுத்தையும் குரங்கும் வயலுக்கு வருகின்றன.

மரம் மட்டும் வளர்ந்தால் போதாது. அந்த மரத்தடியில் ஒரு குடும்பம் மானமாகப் பிழைக்க வழியும் வேண்டும். இல்லாவிட்டால் காடு இருக்கும், ஊர் இருக்காது.

இதுதான் நேபாளம் சொல்லும் பாடம்.

எஞ்சியிருக்கும் சிக்கல்கள்

மேண்டாவின் கதையைக் கேட்டு, எல்லாம் சுபம் என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் சிக்கல், சட்டம் ஊர் போய்ச் சேரவில்லை. 2025-ம் ஆண்டு நடுவில் நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் வன உரிமைப் பட்டாக்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனிக் குடும்பங்களுக்குக் கொடுத்தவை. பொது உரிமைப் பட்டாக்கள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம்தான். கட்சிரோலி ஜில்லாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் பொது உரிமை பெற்றன. எத்தனையோ ஜில்லாக்களில் ஒரு கிராமம் கூடப் பெறவில்லை. சட்டம் ஒன்றுதான். அதைத் தெரிந்து கொண்டு கேட்க ஆள் இருந்த இடத்தில் கிடைத்தது. இல்லாத இடத்தில் கிடைக்கவில்லை.

இரண்டாவது சிக்கல், சந்தை. பீடி இலையின் விலை 2017-ல் ஏறியது. அடுத்த ஆண்டே இறங்கியது. ஏறும்போது ஓடி வரும் வியாபாரி, இறங்கும்போது காணாமல் போகிறார். காட்டைக் காக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பேரம் பேசவும், ஒப்பந்தம் எழுதவும், கணக்கு வைக்கவும் ஊர் கற்றுக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது சிக்கல், ஒரே பொருளை நம்பி இருப்பது. மூங்கில் பல பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். பூத்தால் குத்து முழுவதும் காய்ந்து விடும். மறுபடி விதையிலிருந்து வளர வருஷக் கணக்கில் ஆகும். அந்த நாளில் ஊர் எதைத் தின்னும்? இப்போதே வேறு வருமானத்துக்கும் விதை போட்டு வைக்க வேண்டும்.

நான்காவது சிக்கல்தான் பெரியது. பல காடுகளின் அடியில் இரும்பும் நிலக்கரியும் பாக்ஸைட்டும் இருக்கின்றன. நாட்டுக்குச் சுரங்கம் வேண்டாமா என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் அந்த ஊராரைக் கேட்க வேண்டாமா என்று மறு பக்கம் கேட்கிறார்கள்.

ஒடிசாவில் நியமகிரி மலை இருக்கிறது. அங்கே பாக்ஸைட் வெட்டுவது பற்றி, கிராமசபைகளைக் கேட்டு முடிவு செய்யும்படி 2013-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 12 கிராமசபைகள் கூடின. 12 சபைகளும் "வேண்டாம்" என்றன. சுரங்கம் நின்றது.

2022-ல் மத்திய சர்க்கார் வன விதிகளை மாற்றியது. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கும்போது, ஊராரின் உரிமைகள் தீர்க்கப்பட்டனவா என்று பார்க்கும் வேலை ராஜ்ய சர்க்காரிடம் விடப்பட்டது. டில்லி முதலில் அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு ஊராரைக் கேட்பது வெறும் சடங்காகிவிடும் என்பது ஆதிவாசி அமைப்புகளின் குறை. வன உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. உரிமை குறையவில்லை என்பது சர்க்காரின் பதில்.

யார் சொல்வது சரி என்பது காகிதத்தில் தெரியாது. அடுத்த சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும்போது, ஊர்ச் சபை "வேண்டாம்" என்றால் அந்தச் சொல் செல்லுமா, செல்லாதா? அப்போது தெரிந்துவிடும்.

எல்லா ஊருக்கும் ஏற்குமா?

ஐந்நூறு பேர் உள்ள ஊரில் எல்லோரும் ஒப்புக் கொள்வது நடக்கும். ஐயாயிரம் பேர் உள்ள பஞ்சாயத்தில் நடக்குமா?

நடக்காது. அதனால்தான் புதிய சட்டம், பெரிய பஞ்சாயத்தைச் சபையாக வைக்கவில்லை. ஆதிவாசிப் பகுதிகளில் ஒரு சின்னக் குடியிருப்பே தனிக் கிராமசபையாகக் கூடலாம் என்கிறது. மேண்டாவும் ஒரு பஞ்சாயத்தின் பகுதிதான். முகம் தெரிந்தவர்கள் கூடிப் பேசும் அளவுக்குச் சபை சிறிதாக இருக்க வேண்டும். அந்த அளவு மீறினால், பேசுபவர் பத்துப் பேர். தலையாட்டுபவர் ஆயிரம் பேர் என்று ஆகிவிடும்.

எல்லா ஊரிலும் ஒற்றுமை இருக்காது. சாதிப் பிரிவு இருக்கும். பணக்காரன், ஏழை என்ற பிரிவு இருக்கும். பொதுக் காடு என்ற பெயரில் நாலு பெரிய குடும்பங்கள் எடுத்துக் கொள்வதும் நடக்கும். நேபாளத்தில் இதைக் கண்டுதான் குழுவின் வருமானத்தில் 35 சதவிகிதத்தை ஏழைகளுக்காகச் செலவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். உரிமையை ஊருக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. ஊருக்குள் ஏழைக்குக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிக்கல் இருந்தும், ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டாகக் காட்டு ஜனங்களைக் காட்டின் பகைவர்கள் என்று எண்ணிக் காவல் போட்டார்கள். ஆராபாரியிலும், மேண்டாவிலும், நேபாளத்து மலைகளிலும் அந்த எண்ணம் பொய்த்துவிட்டது. பலனில் பங்கு கிடைத்தவுடன், அவர்களே காவல்காரர்கள் ஆனார்கள்.

தேர் பெரிது, வடமும் பெரிது. ஆனால் ஊர் கூடி இழுத்தால்தான் அது நிலையை விட்டு நகரும். ஊராரை ஓரமாக நிற்க வைத்து, நாலு அதிகாரிகள் மட்டும் இழுத்த தேர் எங்கும் ஓடியதில்லை.